அரைப் புள்ளியின் வரலாறு: சதுரங்கத்தில் வலியோரும் எளியோரும் கண்ட சமநிலை

சதுரங்கப் போட்டியின் முடிவுப் பலகையில் மூன்று வகைப் பதிவுகளே இடம்பெறுகின்றன. வென்றவருக்கு ஒன்று, தோற்றவருக்குச் சுழியம், வெற்றி தோல்வியின்றி ஆட்டம் முடிந்தால் இருவருக்கும் ஆளுக்கு அரைப் புள்ளி. தமிழ்ச் செய்தித்தாள்கள் 'டிரா' என்று எழுதும் இந்த மூன்றாவது முடிவு, சம வலிமையுள்ள இருவருக்கிடையே நிகழும்போது பார்வையாளர் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. தரவரிசையில் வெகுவாக முந்தியவரைப் பிந்தியவர் ஒருவர் அதே முடிவில் நிறுத்தும்போதோ, பலகையில் எழுதப்படும் குறி அதே அரையாக இருந்தாலும், ஒருவர் இழந்து மற்றவர் ஈட்டிய முடிவாக அது மாறிவிடுகிறது. இந்த மாற்றத்திற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. சமநிலைக்கு மதிப்பெண் வழங்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவானது ஒன்று. ஆட்டக்காரரின் வலிமையை எண்ணால் அளக்கும் முறை இருபதாம் நூற்றாண்டில் உருவானது மற்றொன்று. தமிழ் ஆட்டக்காரர்கள் உலக அரங்கில் எழுந்த வரலாற்றை இவ்விரண்டும் சேர்ந்து வேறொரு கோணத்தில் காட்டுகின்றன.

பழைய ஆட்டமுறைகளில் சமநிலைக்கு இன்றுள்ள இடம் இருந்ததில்லை. பாரசீக, அரபு நாடுகளில் 'சத்ரஞ்ச்' என்ற பெயரில் வழங்கிய ஆட்டத்தில், எதிரியின் அரசனைத் தவிர மற்றெல்லாக் காய்களையும் வெட்டிவிட்டாலே அது பெரும்பாலும் வெற்றியாகக் கொள்ளப்பட்டது. அரசனுக்கு 'செக்' இல்லாத நிலையிலும் ஆடுவதற்கு ஒரு நகர்த்தல்கூட இல்லாமல் எதிரி முடங்கிப்போவதை இன்று 'ஸ்டேல்மேட்' என்பர். சத்ரஞ்சில் அதுவும் முடக்கியவருக்கே வெற்றியாயிற்று. இங்கிலாந்திலோ பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் நேர்மாறாக, எதிரியை அவ்வாறு முடக்கியவரே தோற்றவராகக் கருதப்பட்டார்; பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே. எச். சாராட் போன்றோர் முன்னெடுத்த விதிமாற்றத்திற்குப் பின்னரே முடக்கம் சமநிலையாக நிலைபெற்றது. இந்தியாவிலும் பல வட்டார ஆட்டமுறைகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வழக்கில் இருந்தன. கோட்டை கட்டுவதற்கு மாறாக, செக் வாங்காத அரசன் ஒருமுறை மட்டும் குதிரையைப்போல் தாவலாம் என்பது அவற்றுள் பரவலான ஒரு விதி. இத்தகைய சூழலில் ஊருக்கு ஊர் விதி வேறுபட்டதால், ஓர் ஊரின் வலிய ஆட்டக்காரரை மற்றோர் ஊர்க்காரர் சமநிலையில் நிறுத்தினார் என்ற செய்திக்குப் பொதுவான பொருள் ஏற்பட வழியில்லை.

போட்டிகளிலும் அரைப் புள்ளி தொடக்கத்திலேயே வந்துவிடவில்லை. 1851ஆம் ஆண்டு லண்டனில் நடந்த முதல் பன்னாட்டுப் போட்டியில், வெற்றி தோல்வியின்றி முடிந்த ஆட்டங்கள் கணக்கில் சேரவில்லை. முடிவு கிடைக்கும்வரை மீண்டும் ஆட வேண்டியிருந்தது. 1867ஆம் ஆண்டு பாரிஸ் போட்டியில் சமநிலைக்கு இருவருக்கும் சுழியமே வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் நடந்த போட்டியில் ஆளுக்கு அரைப் புள்ளி என்ற முறை கையாளப்பட்டது. மீண்டும் ஆடும் முறை வலியவருக்கே சாதகமானது. ஒரு நாள் முழுதும் போராடித் தன்னிலும் சிறந்தவரைத் தடுத்து நிறுத்திய எளியவர், மறுநாள் அதே எதிரியை மீண்டும் சந்தித்துத் தோற்றால் முதல் நாளின் உழைப்பு எங்கும் பதிவாகாமல் மறைந்துபோகும். அரைப் புள்ளி வந்த பின்னரே அந்த உழைப்பு ஏட்டில் ஏறியது.

இன்று ஆட்டம் சமநிலையில் முடிவதற்குப் பல வழிகள் உள்ளன. மேற்சொன்ன முடக்கம் ஒன்று. இரு தரப்பிலும் மேட் செய்யப் போதிய காய்கள் இல்லாமை மற்றொன்று. ஒரே நிலை மூன்றுமுறை திரும்ப வருதல், சிப்பாய் நகராமலும் காய் வெட்டுப்படாமலும் ஐம்பது நகர்த்தல்கள் கழிதல் ஆகியவை ஆட்டக்காரர் நடுவரிடம் கோரிப் பெறும் சமநிலைகள். இவற்றுக்கு அப்பால் இருவரும் உடன்பட்டுக்கொள்ளும் சமநிலையும் உண்டு. அதற்கும் ஒழுங்கு வகுக்கப்பட்டுள்ளது. ஆட்டக்காரர் தம் காயை நகர்த்தி, சமநிலைக்கு இசைவா என்று கேட்டு, அதன்பின் கடிகாரத்தை அழுத்த வேண்டும். அவ்வாறு கேட்டதற்கு அடையாளமாக இருவரும் தத்தம் குறிப்புத் தாளில் அடைப்புக்குறிக்குள் சமக்குறி ஒன்றை இடவேண்டும். எதிரி வாயால் மறுக்கலாம், அல்லது காயை நகர்த்துவதன்மூலம் மறுக்கலாம். ஏற்றுக்கொண்டால் கைகுலுக்கி, முடிவை எழுதி, இரு தாள்களிலும் இருவரும் கையொப்பமிடுவர்.

உடன்பாட்டுச் சமநிலை எப்போதும் நற்பெயரோடு இருந்ததில்லை. 1962ஆம் ஆண்டு குராசாவோ தீவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில், அதாவது உலகச் சாம்பியனை எதிர்க்கும் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில், சோவியத் ஆட்டக்காரர்களான பெட்ரோசியன், கெரஸ், கெல்லர் ஆகிய மூவரும் தமக்குள் ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களும் சமநிலையில் முடிந்தன; அவை முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டவை என்று பாபி ஃபிஷர் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அத்தகைய சமநிலைகளைத் தடுப்பதற்காக, ஆட்டக்காரர்கள் தமக்குள் பேசி ஆட்டத்தை முடித்துக்கொள்வதைத் தடைசெய்யும் விதி 2005ஆம் ஆண்டு முதல் சோஃபியா நகரின் போட்டிகளில் நடைமுறைக்கு வந்தது. எனினும் இந்த ஐயம் ஏறக்குறைய சம வலிமையுள்ளோரின் சமநிலைகளைப் பற்றியதே. வலிமை வேறுபட்ட இருவருக்கிடையே பெரியவருக்கு அரைப் புள்ளி இழப்பாக இருப்பதால், அவர் அதை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. எளியவர் அதைப் பலகையின்மீது போராடியே பெற வேண்டியிருக்கிறது.

வேறுபட்ட வலிமையுடைய இருவர் ஒரே போட்டியில் எதிரெதிரே அமர்வதற்கு வழிசெய்தது சுவிஸ் முறை. 1895ஆம் ஆண்டு சூரிக் நகரில் முதன்முதலாகக் கையாளப்பட்ட இம்முறையில் எவரும் வெளியேற்றப்படுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு புள்ளி பெற்றவர்கள் தமக்குள் மோதுவர். முதல் சுற்றில் எல்லாரும் சுழியத்திலேயே நிற்பதால், பட்டியலை இரண்டாகப் பிரித்து மேற்பாதியின் முதல்வரைக் கீழ்ப்பாதியின் முதல்வரோடு இணைப்பது வழக்கம். நூறு பேர் ஆடும் போட்டியில் முதலாமவர் ஐம்பத்தோராமவரைச் சந்திப்பார். அழைக்கப்பட்ட சிலர் மட்டும் தமக்குள் ஆடிய பழைய போட்டிகளில் அரிதாக இருந்த இத்தகைய சந்திப்பு, திறந்த போட்டிகள் பெருகிய பின்னர் அன்றாட நிகழ்ச்சியாயிற்று.

வேறுபாட்டை அளக்கும் கருவியை வழங்கியவர் அர்பாட் எலோ. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் மில்வாக்கி நகரின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த அவரது முறையை 1960ஆம் ஆண்டு அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பும், 1970ஆம் ஆண்டு 'ஃபிடே' எனப்படும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பும் ஏற்றுக்கொண்டன. இருவரின் எலோ புள்ளிகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைக் கொண்டு, அவர்களுள் ஒவ்வொருவரும் ஓர் ஆட்டத்தில் சராசரியாக எவ்வளவு பெறுவர் என்பதை முன்கூட்டியே கணிப்பதே அதன் அடிப்படை. வேறுபாடு 200 புள்ளிகளானால் வலியவரின் எதிர்பார்ப்பு 0.76, வேறுபாடு 400 ஆனால் 0.92. கிடைத்த முடிவுக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள இடைவெளியை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி, வரும் தொகையை ஆட்டக்காரரின் புள்ளியில் கூட்டுவர் அல்லது கழிப்பர். பதினெட்டு வயதுக்குட்பட்ட, 2300 புள்ளியை எட்டாத ஆட்டக்காரருக்குப் பெருக்கெண் 40. மற்றவர்களுள் பெரும்பாலோருக்கு 20. 2400ஐ எட்டியவருக்கு 10.

இக்கணக்கு சமநிலையின் மதிப்பை எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். 1500 புள்ளியுள்ள பள்ளி மாணவி ஒருத்தி 1900 புள்ளியுள்ள பெரியவர் ஒருவருடன் சமநிலை செய்தால், அவளுடைய எதிர்பார்ப்பு 0.08 ஆக இருக்க, கிடைத்தது 0.5, இடைவெளியான 0.42ஐ 40ஆல் பெருக்க, அவளுக்கு 16.8 புள்ளிகள் கூடும். அவளுக்குச் சமமான 1500 புள்ளியுள்ள ஒருவரை அவள் வென்றால் கிடைப்பது 20 புள்ளி. ஆக, தன்னைவிட 400 புள்ளி உயர்ந்தவரைத் தடுத்து நிறுத்துவது, தனக்கு நிகரானவரை வெல்வதற்கு ஏறத்தாழ ஈடானது என்று இக்கணக்கே ஒப்புக்கொள்கிறது. முடிவுப் பலகை அரை என்று எழுதியதைத் தரவரிசைப் பட்டியல் வேறுவிதமாக எடைபோடுகிறது.

இந்த நீதி எல்லாருக்கும் தொடக்கத்திலேயே கிட்டிவிடவில்லை. ஃபிடேயின் பட்டியலில் இடம்பெற நெடுங்காலம் 2200 புள்ளி வேண்டியிருந்தது. அந்த எல்லை படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2012ஆம் ஆண்டில் 1000 ஆகியது, பின்னர் 2024ஆம் ஆண்டு மார்ச்சில் 1400 ஆக உயர்த்தப்பட்டது. எல்லை உயரத்தில் இருந்த காலத்தில், பெருநகரச் சங்கங்களுக்கு அப்பால் வாழ்ந்தோர் பட்டியலை எட்டுவது மிகக் கடினமாக இருந்தது. மலேசியாவின் பகாங் மாநிலத்தில், பிரிஞ்சாங்குக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையே அமைந்த திரிங்காப் போன்ற மலையூர்களையும், 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் 'போ' நிறுவனத்தைத் தொடங்கியது முதல் தென்னிந்தியத் தமிழரின் உழைப்பால் வளர்ந்த கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களையும் இவ்விடத்தில் நினைக்க வேண்டும். அத்தகைய ஊர்களின் பிள்ளைகள் தரப்புள்ளி பெற்ற எதிரியைச் சந்திப்பதற்கே மலையிறங்கிப் பெருநகருக்குச் செல்ல வேண்டியிருந்தது. எல்லை தாழ்ந்தபின் பள்ளி மாணவரின் ஆட்டமும் உலகப் பட்டியலின் அதே அளவுகோலால் அளக்கப்படலாயிற்று.

எலோ முறைக்கு முந்திய காலத்தில் வலிமை வேறுபாடு பட்டங்களாலும் புகழாலும் அறியப்பட்டது. அக்காலத்தில் உலகின் முன்னணியோர் எதிரே அமர்ந்த தமிழர் மானுவல் ஆரோன். 1935ஆம் ஆண்டு பர்மாவின் டவுங்கூ நகரில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த அவர், 1959க்கும் 1981க்கும் இடையில் ஒன்பது முறை இந்தியச் சாம்பியனானார். 1961ஆம் ஆண்டு பன்னாட்டு மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியருமானார். 1960ஆம் ஆண்டு லைப்சிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலகச் சாம்பியன் மாக்ஸ் யூவேயை வென்ற அவர், 1962ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் மண்டலங்களிடைப் போட்டியில் இருபத்து மூவருள் கடைசி இடத்தைப் பெற்றபோதும், போர்ட்டிஷ், ஊல்மன் என்னும் இரு பெரும் கிராண்ட்மாஸ்டர்களை வீழ்த்தினார். வட்டார விதிகளை விட்டுப் பன்னாட்டு விதிகளின்படி ஆடுமாறும், தொடக்க ஆட்டங்களை நூல்களின் வழி பயிலுமாறும் இந்திய ஆட்டக்காரர்களை அவர் வற்புறுத்தினார். சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் 1972ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மிகைல் தால் சதுரங்கச் சங்கம் அந்த முயற்சியின் விளைநிலமாயிற்று. சிறுவனாக அங்குச் சென்று ஆடியவர்களுள் விசுவநாதன் ஆனந்த்தும் ஒருவர்.

வலிமை வேறுபட்டோரின் சமநிலை என்ற வகையில் உலகெங்கும் நினைவுகூரப்படும் ஆட்டம் 2004ஆம் ஆண்டு மார்ச்சில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் நடந்த விரைவு ஆட்டமாகும். அப்போது கேரி காஸ்பரவின் புள்ளி 2831. அவரை எதிர்த்த பதின்மூன்று வயது மேக்னஸ் கார்ல்சனின் புள்ளி 2484. 347 புள்ளி வேறுபாட்டில் சிறுவனின் எதிர்பார்ப்பு 0.11 மட்டுமே. வெள்ளைக் காய்களுடன் ஆடிய கார்ல்சன், நடுவே மேலான நிலையையும் பெற்று, ஆட்டத்தைச் சமநிலையில் முடித்தார். அடுத்த ஆட்டத்தில் காஸ்பரவ் வென்று முன்னேறினார் என்றாலும், சதுரங்க உலகம் அன்று நினைவில் கொண்டது முதல் ஆட்டத்தையே.

ஒன்பதாண்டுகள் கழித்து, 2013ஆம் ஆண்டு நவம்பரில், அதே கார்ல்சன் சென்னைக்கு வந்தபோது நிலை தலைகீழாகியிருந்தது. உலகச் சாம்பியன் பட்டம் ஆனந்த்திடம் இருந்தாலும், தரவரிசையில் உயர்ந்தவர் சவால் விடுத்தவரே: கார்ல்சன் 2870, ஆனந்த் 2775. முதல் ஆட்டத்தில் வெள்ளைக் காய்களைப் பெற்றவர் கார்ல்சன். ஆனந்தின் கறுப்புக் குதிரை வெள்ளை ராணியை இரு கட்டங்களுக்கிடையே திரும்பத் திரும்பத் துரத்த, வேறு வழியில் சென்றால் இழப்பு நேரும் என்று கண்ட கார்ல்சன் நிலை திரும்ப வருவதற்கு இசைந்தார். பதினாறே நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. இரண்டாம் ஆட்டம் இருபத்தைந்து நகர்த்தல்களில் அவ்வாறே நிலை திரும்பி வந்து முடிந்தது. மூன்றாம் ஆட்டத்தில் ஆனந்த் சிறப்பான வாய்ப்புகளைப் பெற்றார். நான்காம் ஆட்டத்தில் ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் அறுபத்து நான்கு நகர்த்தல்கள் வரை தாங்கி நின்றார். ஐந்து, ஆறு, ஒன்பது ஆகிய ஆட்டங்களில் கார்ல்சன் வென்று, 6.5 - 3.5 என்ற கணக்கில் பட்டத்தைக் கைப்பற்றினார். 95 புள்ளி வேறுபாட்டுக்கு எலோ அட்டவணை கூறும் எதிர்பார்ப்பு 0.63, அதாவது பத்து ஆட்டங்களுக்கு 6.3. ஆட்டங்கள் தந்த முடிவு அதற்கு மிக அருகில் அமைந்தது. தோற்றவர் என்று ஊடகங்கள் எழுதிய ஆனந்த், பத்து ஆட்டங்களில் ஏழில் தம்மிலும் உயர்ந்த புள்ளியுடையவரைச் சமநிலையில் நிறுத்தியிருந்தார் என்பது பலரும் கவனிக்காமல் விட்ட செய்தி.

தமிழ் ஆட்டக்காரர் ஒருவரின் வரலாற்றில் சமநிலைகள் திருப்புமுனையாக அமைந்தது 2023ஆம் ஆண்டு பாக்கு நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில்தான். தோற்றவர் வெளியேறும் அப்போட்டியில் ஒவ்வொரு சுற்றும் இரண்டு நெடுநேர ஆட்டங்களைக் கொண்டது. அவை சமமாக முடிந்தால் விரைவு ஆட்டங்கள் முடிவைத் தீர்மானிக்கும். சென்னையைச் சேர்ந்த ஆர். பிரக்ஞானந்தா இரண்டாம் நிலை வீரரான ஹிகாரு நகமுராவுடன் இரு நெடுநேர ஆட்டங்களையும் சமநிலையில் முடித்து, விரைவு ஆட்டங்களில் வென்றார். அரையிறுதியில் ஃபேபியானோ கருவானாவுடனும் இரு சமநிலைகள். அங்கும் விரைவு ஆட்டங்களில் வெற்றி. இறுதியில், தம்மைவிட நூறு புள்ளிக்கு மேல் உயர்ந்திருந்த கார்ல்சனுடன் முப்பத்தைந்து நகர்த்தல்களிலும் முப்பது நகர்த்தல்களிலும் இரு சமநிலைகள் கண்ட பின்னர், விரைவு ஆட்டங்களில் 0.5 - 1.5 என்று தோற்றார். உலகின் முன்னணி மூவரிடம் நெடுநேர ஆட்டம் ஒன்றிலும் தோற்காத பதினெட்டு வயது இளைஞர், அப்போட்டியின் வழியே கேண்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதி பெற்றார். நெடுநேர ஆட்டத்தில் கார்ல்சனை அவர் முதன்முறையாக வென்றது அதன்பின், 2024ஆம் ஆண்டு மே மாதம் நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரில். இந்தக் காலவரிசை தற்செயலானதன்று. பெரியவரிடம் தோற்காமல் நிற்கக் கற்ற பின்னரே அவரை வெல்லும் நிலை வாய்க்கிறது.

2024ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டி, உயர்ந்த இடத்தில் இருக்கும் தமிழ்நாட்டு ஆட்டக்காரருக்குச் சமநிலை எவ்வாறு சுமையாகும் என்பதைக் காட்டியது. இம்முறை தரவரிசையில் முந்தியவர் சென்னையின் டி. குகேஷ்: 2783 புள்ளி. சாம்பியனான சீனாவின் டிங் லிரனுக்கு 2728. நான்காம் ஆட்டம் முதல் பத்தாம் ஆட்டம் வரை தொடர்ந்து ஏழு ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன. 55 புள்ளி வேறுபாட்டில் எதிர்பார்ப்பு 0.58 என்பதால், ஒவ்வொரு சமநிலையும் கணக்கின்படி குகேஷுக்கு 0.8 புள்ளி இழப்பாகவும் டிங்குக்கு அதே அளவு ஆதாயமாகவும் அமைந்தது. பதின்மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் 6.5 என்று சமமாக நின்றனர். பதினான்காம் ஆட்டத்தில் வென்று 7.5 - 6.5 என்ற கணக்கில், டிசம்பர் 12ஆம் நாள், பதினெட்டு வயதில் குகேஷ் உலகச் சாம்பியனானார். அவரது வெற்றியைக் கொண்டாடும் நாம், தரவரிசையில் பிந்தியிருந்தும் ஒன்பது ஆட்டங்களில் அவரைத் தடுத்து நிறுத்திய டிங்கின் உறுதியையும் அதே அளவுகோலால் மதிக்க வேண்டும்.

இவை அனைத்தையும் ஒருங்கே நோக்கும்போது ஒரு முடிவுக்கு வரலாம். வலிமை வேறுபட்ட இருவரின் சமநிலை பாதி வெற்றி என்று கொள்ளத்தக்கதன்று. எளியவரைப் பொறுத்தவரை அது தன்னளவில் முழுமையான சாதனை. ரெய்க்யவிக்கிலும் பாக்குவிலும் கண்டவாறு, வருங்கால முன்னணி ஆட்டக்காரர்களின் வருகையை உலகம் முதலில் அறிந்துகொண்டது இத்தகைய ஆட்டங்களின் வழியாகவும்தான். ஆயினும் கோப்பை வென்றோரின் பெயர்களையே பள்ளிகளும் சங்கங்களும் சுவரில் பொறிக்கின்றன. சமநிலை கண்டோரின் ஆட்டங்கள் போட்டி முடிந்த சில வாரங்களில் மறக்கப்படுகின்றன.

இதைத் தடுக்கும் வழி விதிகளிலேயே உள்ளது. நெடுநேர ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தம் நகர்த்தல்களையும் எதிரியின் நகர்த்தல்களையும் எழுதியே ஆக வேண்டும். அவ்வாறு எழுதப்பட்ட தாள்கள் போட்டி நடத்துவோரின் உடைமை என்று ஃபிடே விதி கூறுகிறது. ஆகவே தமிழ்நாட்டின் மாவட்டச் சங்கங்களும், மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் போட்டி நடத்துவோரும், தரவரிசையில் மேலானவரோடு ஒரு பிள்ளை சமநிலை கண்ட ஆட்டத்தின் தாளைக் குப்பையில் சேரவிடாமல், நாளும் இடமும் இருவரின் புள்ளிகளும் குறித்து ஏடாகத் தொகுத்து வைக்க வேண்டும். அந்தத் தாளின் படி ஒன்றை அப்பிள்ளையின் கையிலும் கொடுக்க வேண்டும்.